சவ்வுச் சல்லடையை அடைக்கும் பால்

பால் சொசைட்டியில் தரம் என்றால் கொழுப்பும் டிகிரியும்தான். இரண்டு பேர் ஊற்றும் பாலில் கொழுப்பு 4 சதவிகிதம், இதர சத்து 8.5 சதவிகிதம் என்று ஒரே மாதிரி இருந்தால் இருவருக்கும் ஒரே விலை. ஆனால் அதே இரண்டு பாலையும் ஆலையில் சவ்வு வடிகட்டி என்ற இயந்திரத்தில் தனித்தனியே செலுத்திப் பார்த்தால் ஒன்று தடையில்லாமல் ஓடும்; மற்றொன்று சீக்கிரமே சல்லடையை அடைத்து நிறுத்திவிடும். கொழுப்புப் பரிசோதனையிலும் லாக்டோமீட்டரிலும் தெரியாத ஏதோ ஒன்று இரண்டாவது பாலில் இருக்கிறது. பெரும்பாலும் அது ஆலைக்கு வந்த பிறகு உண்டானதாக இருப்பதில்லை. மாட்டின் மடியிலோ, கறந்து கேனில் ஊற்றிய சில மணி நேரத்திலோ உண்டானது.

சவ்வு வடிகட்டி பற்றி ஆலையில் உள்ளவர்கள் கவலைப்பட்டால் போதாதா என்று கேட்கலாம். புரதம் கூடுதலாக உள்ள பால், பாலாடைக்கட்டி, புரதப் பொடி ஆகியவை இந்த முறையில் தயாராகின்றன. சாதாரண பாக்கெட் பாலைவிட இவற்றில் ஆலைக்கு வருமானம் அதிகம். சவ்வு அடிக்கடி அடைத்தால் வேலை நிற்கும், கழுவும் செலவு ஏறும், சவ்வின் ஆயுள் குறையும். கூட்டுறவு ஆலையானால் அந்த நஷ்டம் கடைசியில் பால் ஊற்றுகிறவர் தலையில்தான் விழுகிறது. லாரியோடு பால் திருப்பி அனுப்பப்பட்டால் நல்ல பால் ஊற்றியவருக்கும் சேர்த்தே அடி.

சவ்வு வடிகட்டி என்பது என்ன?

ஆர்.ஓ. தண்ணீர் இன்று கிராமங்களிலும் கேன்களில் விற்கிறது. உப்புத் தண்ணீரை அழுத்தத்துடன் ஒரு மெல்லிய சவ்வின் மீது செலுத்தினால் தண்ணீர் ஊடுருவிப் போகும், உப்பு நின்றுவிடும். இப்படி நடைமுறைக்கு உதவும் சவ்வை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி சீனிவாச சௌரிராஜன். கடல் நீரைக் குடிநீராக்குவது அவர்கள் நோக்கம். அந்த வழியில் வந்த சவ்வுகள் விரைவில் பால் தொழிலுக்கும் வந்தன. 1969-ல் பிரான்சில் மொபுவா என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் பாலை முதலில் சவ்வில் வடிகட்டிச் செறிவாக்கி, பிறகு உறையவைத்துப் பாலாடைக்கட்டி செய்யும் முறையைக் கண்டு காப்புரிமை பெற்றனர்.

பாலில் உள்ள பொருள்கள் அளவில் மிகவும் வேறுபட்டவை. அதனால்தான் இந்த முறை பாலுக்குப் பொருந்துகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு மைக்ரான். பாலில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகள் சராசரியாக 3 அல்லது 4 மைக்ரான். பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 1 மைக்ரான். பாலுக்கு வெண்மை தரும் கேசின் என்ற புரதம் சிறு சிறு திரள்களாக இருக்கிறது. ஒரு திரள் 0.15 முதல் 0.2 மைக்ரான் வரை. பாலைத் திரித்துப் பன்னீர் எடுக்கும்போது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு தெளிநீர் பிரிகிறதல்லவா, அதுபோன்ற தெளிநீரில் தங்கும் புரதங்கள் இன்னும் சிறியவை, 0.003 முதல் 0.006 மைக்ரான்தான். பால் சர்க்கரையும் கரைந்த உப்புகளும் எல்லாவற்றையும் விடச் சிறியவை.

ஆகவே எந்த அளவு துளையுள்ள சவ்வை வைக்கிறோமோ அதற்கேற்ற பொருளைப் பிரிக்கலாம். 1.4 மைக்ரான் துளையுள்ள சவ்வில் கொழுப்பு நீக்கிய பாலைச் செலுத்தினால் பாக்டீரியாவில் மிகப் பெரும்பகுதி நின்றுவிடும், புரதம் கடந்துவிடும். முதலில் கொழுப்பை நீக்குவது அவசியம். ஏனெனில் கொழுப்பு உருண்டையும் பாக்டீரியாவும் கிட்டத்தட்ட ஒரே பருமன், சல்லடைக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னும் நுண்ணிய சவ்வு வைத்தால் புரதம் முழுவதும் நிற்கும். தண்ணீரும் சர்க்கரையும் கரைந்த உப்பும் மட்டும் வடியும். இப்படி 1000 லிட்டர் கொழுப்பு நீக்கிய பாலில் 750 லிட்டரை வடித்துவிட்டால் மீதியுள்ள 250 லிட்டரில் புரதம் ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவாக நிற்கும். பாலைக் காய்ச்சாமலே சுண்டவைப்பது போன்ற வேலை இது.

அடைப்பு எப்படி உண்டாகிறது?

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துள்ள விவசாயிகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உப்பு மிகுந்த கிணற்று நீரானால் சொட்டுவானின் வாயில் சுண்ணாம்பு படிகிறது. குளத்து நீரானால் பாசி அடைக்கிறது. சுண்ணாம்புக்கு அமிலம் விடுகிறோம், பாசிக்குக் குளோரின் விடுகிறோம். சவ்விலும் இதேதான். தாது உப்புப் படிவத்தை அமிலம் கரைக்கும். புரதமும் கொழுப்பும் படிந்தால் காரக் கரைசல் வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் இரண்டாலும் மாறி மாறிக் கழுவுகிறார்கள்.

சவ்வின் மீது பால் நேராக இடிப்பதில்லை. வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் அதன் பரப்பை ஒட்டி வேகமாக ஓடுகிறது. வேகம் இருக்கும்வரை படிவு குறையும். ஆயினும் தண்ணீர் வடிய வடிய, வடியாமல் நின்ற புரதம் சவ்வை ஒட்டி நெருங்கிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் அது கூழ்போன்ற படலமாகிவிடுகிறது. அதன்பின் அழுத்தத்தைக் கூட்டினாலும் வடிதல் கூடாது. கூழ்தான் இன்னும் இறுகும். இந்தப் படலம் எவ்வளவு சீக்கிரம் உண்டாகும், கழுவினால் போகுமா போகாதா என்பதைப் பாலின் அமைப்புதான் முடிவு செய்கிறது.

பசும்பாலும் எருமைப்பாலும்

கேசின் திரள் என்பது வெறும் புரதம் மட்டும் அன்று. புரத இழைகளுக்கு நடுவே சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்து காரை பூசியதுபோல் பிடித்து வைத்திருக்கின்றன. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தத் திரள்களில்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கரைந்த நிலையில். இந்த இரண்டு பங்குக்கும் இடையே ஒரு சமநிலை உண்டு. பாலின் சூடு ஏறினால் கரைந்த சுண்ணாம்புப் பாஸ்பேட் கரைசலில் நிற்க முடியாமல் படியத் தொடங்கும். ஆலைகளில் 50 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் வடிகட்டினால் பால் இளகி வேகமாக வடியும். ஆனால் சுண்ணாம்புப் படிவுக்கும் அதுவே வழி. குளிர்ந்த நிலையில் வடிகட்டினால் அந்தப் படிவு குறைவு, வேகமும் குறைவு.

பசும்பாலில் புரதம் 3.3 சதவிகிதம் அளவிலும், சுண்ணாம்புச் சத்து லிட்டருக்கு 1.2 கிராம் அளவிலும் இருக்கிறது. எருமைப்பாலில் புரதம் 4 சதவிகிதத்துக்கு மேலும் போகும். சுண்ணாம்பு லிட்டருக்கு 1.8 கிராம் வரை வரும். ஆகவே ஒரே சவ்வில் எருமைப்பால் பசும்பாலைவிட மெதுவாக வடிகிறது, சீக்கிரம் படிகிறது.

இதைக் கேட்டு எருமைப்பால் தரம் குறைந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எருமைத் தயிர் கத்தியால் வெட்டலாம் போல் உறைவதும், பன்னீர் அதிகம் விழுவதும் இதே கேசினாலும் சுண்ணாம்பினாலும்தான். ஜெர்சிக் கலப்பின மாட்டின் பாலிலும் பிரீசியன் கலப்பினத்தைவிடப் புரதமும் சுண்ணாம்பும் சற்று அதிகம். இவை இயற்கையான வேறுபாடுகள். என்ன பால் வருகிறது என்று தெரிந்தால் ஆலையார் சூட்டையும் ஓட்டத்தையும் செறிவின் அளவையும் மாற்றிச் சமாளித்துக்கொள்வார்கள். சமாளிக்க முடியாதது கெட்டுப்போன அமைப்பு.

மடிநோய் செய்யும் மாற்றம்

மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் அதை யாரும் சொசைட்டிக்குக் கொண்டுபோவதில்லை. தொல்லை கொடுப்பது மறைந்த மடிநோய். மடியில் வீக்கம் இராது, பால் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், கறவை மட்டும் கொஞ்சம் குறையும். தீவனம் போதவில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

இந்த நிலையில் பாலுக்குள் நடப்பது என்ன? நோய்க் கிருமியை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் மடிக்குள் வருகின்றன. நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டிய அணுக்கள் பல லட்சமாகப் பெருகும். மடியின் உட்சுவர் கசியத் தொடங்குவதால் இரத்தத்தில் உள்ள உப்பும் இரத்தப் புரதங்களும் பாலில் கலக்கின்றன. பால் சர்க்கரை குறைகிறது. இதனால்தான் மடிநோய்ப் பால் சற்றே கரிக்கும். இரத்தத்திலிருந்து வரும் பிளாஸ்மின் என்ற நொதி கேசினைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மொத்தத்தில் புரதம் எனக் கணக்கிட்டால் அதிகம் குறைந்திராது. ஆனால் கேசின் குறைந்து, அதன் இடத்தில் வேண்டாத புரதங்கள் ஏறியிருக்கும்.

சர்க்கரை இறங்கியதை உப்பு ஏறி ஓரளவு ஈடு செய்வதால் நோய் மறைந்துள்ள நிலையில் லாக்டோமீட்டரில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சல்லடைக்கு ஏமாற்றம் கிடையாது. வெள்ளணுக்கள் அதன் மேல் தங்குகின்றன. வெட்டுண்ட புரதத் துண்டுகள் துளைக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்கின்றன. மேலே படிந்த படலத்தைக் கழுவுவது எளிது, துளைக்குள் சிக்கியதை எடுப்பது கடினம். பாலாடைக்கட்டியும் பன்னீரும் இந்தப் பாலில் குறைவாகவே விழும், ஏனெனில் கேசினே குறைந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகளில் 4 லட்சத்துக்கு மேல் அணுக்கள் உள்ள பாலை ஆலைகள் தொடர்ந்து வாங்கக் கூடாது என்று விதியே இருப்பதற்குக் காரணம் இதுவும்தான்.

மறைந்த மடிநோயை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். துணி துவைக்கும் சலவைத்தூள் 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். நான்கு சிறு கிண்ணங்களில் நான்கு காம்புகளின் பாலைத் தனித்தனியே சிறிது கறந்து, அதே அளவு கரைசலை ஊற்றி, ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்ற வேண்டும். நல்ல பால் நீர்த்தே இருக்கும். நோய் உள்ள காம்பின் பால் கொழகொழவென்று கூழாகும். சலவைத்தூள் வெள்ளணுக்களை உடைப்பதால் அவற்றின் உட்கரு வெளிவந்து இப்படிக் கூழாகிறது. பரிசோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நோய் தெரிந்த மாட்டைக் கடைசியில் கறப்பது, கறந்தவுடன் காம்புகளை 0.5 சதவிகித அயோடின் கரைசலில் முக்குவது, கறந்தபின் அரை மணி நேரம் மாடு படுக்காதபடி தீவனம் வைப்பது ஆகிய மூன்றும் பரவலைத் தடுக்கும். காம்புத் துளை அடைபடும் முன் மாடு சாணத்தில் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்து வைத்தது போலாகும். கால்நடை மருத்துவர் ஊசியோ காம்புக் குழாய் மருந்தோ கொடுத்தால், அவர் சொல்லும் நாள்வரை பாலை ஊற்றக் கூடாது.

கன்று ஈன்ற முதல் ஐந்து நாள் சீம்பாலையும் கேனில் கலக்கக் கூடாது. அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் மிக அதிகம். சூடு பட்டவுடன் உறைந்துவிடும். அது கன்றுக்குச் சேர வேண்டியது. சினை முற்றி வற்றும் தறுவாயில் வரும் பாலிலும் உப்புச் சமநிலை மாறி, பிளாஸ்மின் ஏறியிருக்கும். டிகிரி நன்றாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம். ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்துவது மாட்டுக்கும் நல்லது.

புளிப்பும் சோடாவும்

கறந்த பால் 35 டிகிரி சூட்டோடு கேனில் நிற்கும்போது சில வகைப் பாக்டீரியாக்கள் 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அவை பால் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் ஏறும்போது கேசின் திரளைப் பிடித்திருந்த சுண்ணாம்புக் காரை கரைந்து வெளியேறுகிறது. திரள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த சக்தியும் குறைகிறது. நாக்குக்குப் புளிப்புத் தெரியும் முன்பே இது துவங்கிவிடும். இத்தகைய பால் சவ்வை ஒட்டி நெருங்கியவுடன் திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வழக்கத்தைவிடக் கெட்டியான படலமாகிவிடுகின்றன. வீட்டில் பால் அடுப்பில் திரிவது எதனாலோ, ஆலையில் சவ்வு அடைப்பதும் அதனால்தான்.

இதைத் தடுக்கச் சில இடங்களில் இடையில் கை மாறும்போது சோடாப் பொடி போடுகிறார்கள். சட்டப்படி இது கலப்படம். ரோசாலிக் அமிலப் பரிசோதனையில் பால் ரோஜாச் சிவப்பாகி உடனே காட்டிக் கொடுத்துவிடும். சட்டம் ஒருபுறமிருக்க, சோடா போட்டால் புளிப்பு மறையுமே தவிர, பழைய சமநிலை திரும்புவதில்லை. திரளைவிட்டு வெளியேறிய சுண்ணாம்பு, காரம் ஏறியவுடன் பாஸ்பேட்டுடன் சேர்ந்து தனியே படியத் தயாராகிவிடுகிறது. சூடான சவ்வின் மீது அது கல்லாகப் படியும். பாக்டீரியாவும் அப்படியே இருக்கிறது. புளித்த பாலில் ஒரு கேடு என்றால், சோடா போட்ட புளித்த பாலில் இரண்டு கேடு.

தண்ணீர் கலப்பது இவ்வளவு கொடியதாகத் தோன்றாது. தண்ணீர்தான் வடிந்துவிடுமே என்று சொல்வாரும் உண்டு. ஆனால் கலந்த ஒவ்வொரு லிட்டரையும் வடிக்க மின்சாரம் செலவாகிறது. கிணற்று நீரானால் அதனோடு சுண்ணாம்பும் கிருமியும் இலவசமாக வருகின்றன.

கறந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்விப்பு மையத்தில் சேர்ப்பதற்கு ஈடான வேறு மருந்து கிடையாது. பொழுதோடு கறந்து, பொழுதோடு ஊற்ற வேண்டும். வண்டி வரும் நேரம் தாமதமானால் கேனை ஈரச் சாக்கு சுற்றி நிழலில் வைப்பது ஓரளவு உதவும். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காயவைப்பது பழைய வழக்கம்தான், இன்றும் அதை மிஞ்சிய எளிய முறை இல்லை. குளிர்விப்பு மையத்திலும் 4 டிகிரியில் வைத்தால் எத்தனை நாளும் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. குளிரிலும் வளரும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை கேசினையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. பிறகு பாலைக் காய்ச்சினால் பாக்டீரியா சாகும், அந்த நொதிகளில் பல சாவதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று பாதிக் கேன். பாதி நிரம்பிய கேனை மோட்டார் சைக்கிளில் கட்டி மேடு பள்ளத்தில் ஓட்டினால் மத்தால் கடைந்ததற்குச் சமம். கொழுப்பு உருண்டையின் மேலுறை கிழிந்து உள்ளே இருந்த கொழுப்பு வெளிப்படுகிறது. கொஞ்சம் மூடியில் வெண்ணெயாக ஒட்டி, ஊற்றுகிறவருக்கே கொழுப்பு அளவு குறையும். மீதி ஆலையில் சவ்வின் மேல் எண்ணெய்ப் பூச்சாகப் படியும். அளவான சிறு கேனில் நிறைய ஊற்றிக் கொண்டுபோவது இரண்டு பேருக்கும் லாபம்.

தீவனமும் விலையும்

கேசின் அளவைத் தீவனத்தால் ஓரளவுதான் கூட்ட முடியும். கோடையில் வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்கு எரிசக்தி போதாமல் புரதம் இறங்குகிறது. பசும்புல்லோடு வேலிமசால் போன்ற பயறு வகைத் தீவனமும், கறவைக்கேற்ற அடர் தீவனமும் தந்தால் இறங்கியது மீளும். தாது உப்புக் கலவை கொடுத்தால் பாலில் சுண்ணாம்பு ஏறும் என்று நினைப்பது சரியில்லை. பாலில் சேர வேண்டிய சுண்ணாம்பை, தீவனத்தில் இல்லாவிட்டாலும், மாடு தன் எலும்பிலிருந்தாவது எடுத்துக் கொடுத்துவிடும். தாது உப்பு கொடுப்பது பாலுக்காக அன்று, மாடு நலிந்துவிடாமல் இருப்பதற்காக.

இத்தனை கவனமும் எடுத்துக்கொள்கிறவருக்கு அதற்கேற்ற விலை கிடைக்கிறதா என்றால், கொழுப்பும் இதர சத்தும் மட்டும் பார்க்கும் முறையில் கிடைப்பதில்லை. இது நியாயமான குறை. நியூசிலாந்தில் கொழுப்பையும் புரதத்தையும் எடை போட்டு விலை கொடுத்து, பாலின் கொள்ளளவுக்குக் கழிவு பிடிக்கிறார்கள். தண்ணீரைச் சுமப்பதும் வடிப்பதும் செலவு என்பதால். இங்கு சவ்வு வடிகட்டி பெருகப் பெருக, புரதத்தையும் மடிநோய் அணுக்களையும் கணக்கில் எடுத்து ஊக்கத்தொகை தரும்படி சங்கங்கள் கேட்பதில் தவறில்லை. கேட்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சொசைட்டிகளில் உள்ள சிறு பால் பரிசோதனைக் கருவிகள் காட்டும் புரத அளவு, பெரும்பாலும் மற்ற அளவுகளிலிருந்து கணக்கிட்டுக் காட்டுவது. நேராக அளந்தது அன்று. மடிநோய்ப் பாலை அது பிடிக்காது. ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அகச்சிவப்புக் கதிர் கொண்டு அளக்கும் கருவியிலும், வெள்ளணு எண்ணும் கருவியிலும் தங்கள் சங்கத்தின் பாலை மாதம் ஒருமுறையாவது சோதித்து, முடிவைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கும்படி கேட்கலாம்.